பிஸ்கட் டப்பாவுக்குள் ஒரு மனிதர்

ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவில் என்னை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் வருத்தமெல்லாம் இல்லை. யார் வீட்டில் யார் யாரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள், மருந்துக்கடைக்காரர் எந்தக் கிழமையில் மீசைக்குச் சாயம் பூசுகிறார், மாடிவீட்டு டைப்பிஸ்ட் அக்காவுக்கு வந்த நீல உறையின் எடை என்ன என்பதெல்லாம் முதல் மணி அடிப்பதற்குள் என் வழியாக வகுப்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தாய்வழிச் சொத்து இது. அம்மா சமையலறை ஜன்னலில் நின்றபடியே நான்கு வீட்டு நடப்பைச் சொல்லுவாள். சொல்லிக்கொண்டிருக்கும்போது அவளுக்குப் பின்னால் எங்கள் வீட்டுப் பால் பொங்கி வழிந்துகொண்டிருக்கும்.

அந்த வருஷம் ஆங்கிலத்துக்குக் கமா டீச்சர் வந்தார். நாங்கள் வைத்த பெயர்தான். வாக்கியத்தின் நடுவில் நின்றுவிடுவார். “பிள்ளைங்களா, நீங்க எல்லாரும்,” என்று நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திரும்ப மாட்டிக்கொண்டு, “ரொம்ப சத்தம் போடுறீங்க” என்று முடிப்பார். அந்த இடைவெளியில் கடைசி பெஞ்சு ஒரு மிட்டாயை முழுசாகத் தின்று முடித்துவிடும்.

பாடப்புத்தகத்தில் சிமிலி, மெட்டஃபர், பெர்சானிஃபிகேஷன், ஹைப்பர்போலி என்று வரிசையாக நான்கு பேர் நின்றார்கள். தமிழ் வகுப்பில் உவமை, உருவகம் என்று ஏற்கெனவே பழகிய முகங்கள்தான். இங்கே கோட்டு போட்டுக்கொண்டு வந்து பயமுறுத்தினார்கள். முதல் நாள் வீட்டுப்பாடத்தில் நாற்பது பேரும் நிலா போன்ற முகம், பால் போன்ற வெள்ளை என்று எழுதிக்கொண்டு போனோம். டீச்சர் நாற்பது நோட்டையும் பார்த்துவிட்டு, “உங்க தெருவுல ஒருத்தருக்குக்கூட, சாதாரண மூஞ்சி கிடையாதா?” என்றார்.

மறுநாள் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். மூடியில் பாய்மரக் கப்பல் படம். கப்பலின் பாதி துருப்பிடித்திருந்தது. அதை மேஜைமேல் வைத்து சட்டம் சொன்னார். ஒவ்வொருத்தியும் வாரத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு போட வேண்டும். வீட்டிலோ தெருவிலோ சொந்தக் கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும். கையெழுத்து தெரியாதபடி எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்திலேயே எழுத வேண்டும். எழுதியவள் பெயரும் கூடாது, எழுதப்பட்டவர் பெயரும் கூடாது. வெள்ளிக்கிழமை அவர் ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார், அது சிமிலியா மெட்டஃபரா என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

“யார் எழுதினது, யாரைப் பத்தி எழுதினதுன்னு,” என்று நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்து, “யாரும் தேடக் கூடாது. தேடினா டப்பாவை மூடிடுவேன்” என்றார்.

எனக்கு அந்த டப்பா வாராவாரம் விருந்து. ‘இஸ்திரிக்காரரின் தொப்பை, அவர் வரப்போவதை முன்கூட்டியே சொல்லும் தந்தி.’ ‘எங்கள் தெருத் தண்ணீர்க் குழாய்க்கு தினமும் காலையில் தொண்டை கட்டியிருக்கிறது.’ இரண்டும் என் கைவரிசை. பெயர் போடக் கூடாது என்று சட்டம் இருந்தாலும், வாசிக்கும்போது என் முகம் இளித்த இளிப்பே என் பெயர். சீட்டுகள் எல்லாவற்றிலும் பழைய வெண்ணெய் பிஸ்கட் வாசனை ஏறியிருக்கும். இன்றைக்கும் எங்காவது பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் எனக்குப் பசி வருவதில்லை. யாரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத்தான் கை போகிறது.

டீச்சர் தேடக் கூடாது என்றார் என்பதால் எங்களுக்குள் யாரும் யாரையும் தேடவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மத்தியான இடைவேளையில் வேப்பமரத்தடியில் அதுதான் வேலை. இஸ்திரிக்காரரைச் சின்னக் குழந்தையும் கண்டுபிடிக்கும். கஷ்டமான ஆட்களை நான் கண்டுபிடித்துக் கொடுப்பேன்.

மழை தொடங்கிய மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் ஒரு சீட்டைப் பிரித்தார். மற்றவை போல் கிழித்த தாள் இல்லை. அளவெடுத்து, ஓரம் மடித்து வெட்டியது. அதில் இப்படி இருந்தது:

‘ஒரு மனிதர் தினமும் காலையில் முகவரி எழுதாத கடிதம் போல வீட்டை விட்டுக் கிளம்புகிறார். மாலையில் கிளம்பிய வீட்டுக்கே திரும்பி வருகிறார். அவருக்கு வேலை போய்விட்டது. வீட்டில் யாருக்கும் தெரியாது.’

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. “சிமிலி, டீச்சர்” என்று யாரோ ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். டீச்சர் தலையாட்டினார். சீட்டை டப்பாவில் திரும்பப் போடாமல் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

“இந்த மனுஷர்கிட்ட இப்போதைக்கு மிச்சம் இருக்கறது,” என்றார். கண்ணாடியைத் துடைக்கவே இல்லை. “அந்த ரகசியம் ஒண்ணுதான். அதையும் நீங்க பிடுங்கிடாதீங்க.”

நல்ல மனசுள்ள பெண்ணாக இருந்திருந்தால் நான் அத்தோடு விட்டிருப்பேன். ஆனால் மரத்தடிக்குப் போனதும் பன் என்னைப் பிடித்துக்கொண்டாள். பன் என்பவள் பேக்கரிக்காரர் மகள். கன்னத்தைப் பார்த்தாலே பெயர்க் காரணம் விளங்கும். எனக்கு அடுத்தபடியாகச் செய்தி சேகரிப்பவள். என் பதவிமேல் ஒரு கண்.

“என்ன ரேடியோ, இது யாருன்னு தெரியுமா, இல்ல கரண்டு இல்லையா?”

“ஒரு வாரம் டைம் குடு. அடுத்த வெள்ளிக்கிழமை பேரோட சொல்றேன்.”

“சொல்லலைன்னா?”

“சொல்லலைன்னா என்னை ரேடியோன்னு கூப்பிட வேணாம்.”

“ரிப்பேர்னு கூப்பிடுவோம்” என்றாள் பன். எல்லோரும் கைதட்டி ஆமோதித்தார்கள். ஊசி மட்டும் தட்டவில்லை. அவள் லிஃப்ட்காரர் மகள். ஒல்லி, பேச மாட்டாள், எதையும் நேராக்கி வைத்தபடி இருப்பாள். அவளுடைய பென்சில்கள் உயர வரிசையில் படுத்திருக்கும். அன்று சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நான் அதைக் கவனித்தேன், தப்பாகக் கணக்குப் போட்டேன்.

அன்று சாயங்காலமே எங்கள் தெருவின் ஆண்களை வரிசைப்படுத்தினேன். மருந்துக்கடைக்காரர் கடையிலேயே இருக்கிறார், கழித்துவிடலாம். டைப்பிஸ்ட் அக்காவின் அண்ணன் இரவு வேலை, பகலில் அவர் குறட்டை தெருமுனைவரை கேட்கிறது. எங்கள் அப்பா பெயிண்ட் கடையில் வண்ணம் கலக்கிறவர். அவரைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை, சொந்த வீட்டில் என்ன செய்தி இருக்கப்போகிறது? சிறு வயதிலிருந்து அப்பா வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு என்ன வண்ணம் விற்றது என்று நான் சொல்லிவிடுவேன். காதில் பச்சை, முழங்கையில் செங்கல் சிவப்பு, புருவத்தில் வெள்ளை என்று எதையாவது ஒட்டிக்கொண்டு வருவார். அம்மா மண்ணெண்ணெய் நனைத்த துணியால் தேய்த்துக்கொண்டே திட்டுவாள், “சுவத்துக்கு அடிக்கச் சொன்னா உங்களுக்கு அடிச்சிக்கிட்டு வர்றீங்க.” கொஞ்ச நாளாகத் திட்டு பலித்துவிட்டது. அப்பா சுத்தமாக வருகிறார். பரவாயில்லையே என்று நானும் மெச்சிக்கொண்டேன்.

நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். நான் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு துப்பு கிடைத்திருந்தது.

ஊசியின் அப்பா, பெரிய கடைத்தெருவில் நான்கு மாடி ஜவுளிக்கடையில் லிஃப்ட் இயக்குபவர். வெள்ளைச் சீருடை, இரண்டு வரிசைத் தங்கப் பொத்தான்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டு மாடிக் கொடியில் அந்தச் சீருடை காயும். வெயிலில் பொத்தான்கள் மின்னுவது எங்கள் வீட்டுச் சுவரில் புள்ளி புள்ளியாக ஆடும். அந்த ஞாயிறு ஆடவில்லை. யோசித்துப் பார்த்தேன், அதற்கு முந்தைய ஞாயிறும் ஆடவில்லை. செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு அவர் சாதாரணச் சட்டையில் தெருவில் போனதாக அம்மா சமையலறை ஜன்னல் செய்தி கொடுத்தாள். சீருடை இல்லை, வேலை நேரத்தில் தெருவில் ஆள், மகள் மரத்தடியிலிருந்து எழுந்து போகிறாள். இதற்குமேல் என்ன வேண்டும்?

பெயரைச் சொல்லவில்லை, அது வெள்ளிக்கிழமைக்கு. ஆனால் ரேடியோவை மூடி வைத்தாலும் கரகரவென்று சத்தம் வரத்தானே செய்யும்? “மேல போறவர், கீழ வந்துட்டார்” என்று புதன்கிழமை பன்னிடம் சொன்னேன். அவளுக்கு அது போதும். அன்று மத்தியானமே வகுப்பு முழுக்க ஊசியைப் பாவமாகப் பார்க்கத் தொடங்கியது. ஒருத்தி தன் சாப்பாட்டில் பாதியை அவள் டப்பாவில் போட்டாள். பன் நேராகவே கேட்டாள்.

“உங்கப்பா வேலைக்குப் போறாரா?”

“போறார்.”

“தினமும்?”

“தினமும்.” ஊசி அந்தப் பாதிச் சாப்பாட்டை ஓரமாக ஒதுக்கி, நேராக்கி, டப்பாவை மூடினாள். என்னை ஒருமுறை பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் புரிந்திருக்கும். என் சட்டையில் ஏதோ கிழிசல் இருக்கிறது, சொல்லலாமா வேண்டாமா என்பதுபோல் பார்த்தாள்.

வியாழக்கிழமை ஆசிரியர்கள் கூட்டம், மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். நான் நேராக ஜவுளிக்கடைக்கு நடந்தேன். பெயர் சொல்வதற்குமுன் ஒருமுறை சரிபார்ப்பது என் தொழில் தர்மம். லிஃப்ட்டுக்குள் வேறு ஒரு ஆள் நிற்பான், ‘பழைய ஆள் எங்கே’ என்று கேட்க வேண்டும், அவன் உதட்டைப் பிதுக்குவான் என்றெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

லிஃப்ட் கதவு திறந்தது. இரண்டு வரிசைத் தங்கப் பொத்தான்கள்.

“அட, வாம்மா! எத்தனாவது மாடி?”

“மாமா, நீங்க இங்கதான் இருக்கீங்களா?”

“பின்ன எங்க இருப்பேன்? மேல போவேன், கீழ வருவேன். நம்ம பொழப்பு அவ்வளவுதான்.”

“செவ்வாக்கிழமை தெருவுல பார்த்ததா அம்மா சொன்னாங்க.”

“பல்வலி. ரெண்டு மணி நேரம் லீவு போட்டேன். அதுவும் உங்க வீட்டு ஜன்னல்ல பதிவாயிடுச்சா?” சிரித்தார். அந்தப் பக்கத்துக் கடைவாய் இன்னும் கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது.

“கொடியில உங்க யூனிஃபார்மைக் காணோமே?”

“இப்போ கடையிலேயே லாண்டரிக்கு அனுப்பிடறாங்க. உங்க அத்தைக்கு ஒரு வேலை மிச்சம்.”

ஒரு வாரத் துப்பறிதல் இரண்டு நிமிஷத்தில் வெளுத்துப்போய்க் கொடியில் தொங்கியது. நாலாவது மாடி என்று சொல்லித் தொலைத்தேன். அங்கே பாய்களும் ஜன்னல் திரைகளும் விற்றார்கள். எனக்கு வாங்க ஒன்றும் இல்லை. கண்ணாடி ஜன்னல் பக்கம் போய் நின்றேன். ஜன்னலைக் கண்டால் நிற்பதும் தாய்வழிதான்.

கீழே எதிர்ப்பக்கம் சின்னப் பூங்கா. நான்கு பெஞ்சு, ஒரு குழாய். மூன்றாவது பெஞ்சில் ஒருவர் சாப்பிட்டு முடித்து, எழுந்து, குழாயில் டப்பாவைக் கழுவினார். உள்ளும் வெளியும் கழுவி, உதறி, மூடி, பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த டப்பாவின் பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. காலையில் வழுக்குகிறது என்று நான்தான் சுற்றிக் கொடுத்தேன். பெஞ்சில் பெயிண்ட் உரிந்திருந்தது போலிருக்கிறது. அப்பா அதை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நேரம் நின்றேனோ, லிஃப்ட்காரர் பக்கத்தில் வந்து நின்றார்.

“பார்த்துட்டியா.”

நான் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினேன்.

“பெயிண்ட் கடை கை மாறிடுச்சும்மா. வாங்கினவங்க தங்களோட ஆளைக் கொண்டுவந்துட்டாங்க. ஒரு மாசமாச்சு. நாலஞ்சு இடத்துல சொல்லி வச்சிருக்கார். கிடைச்சப்புறம் வீட்டுல சொல்லிக்கறேன்னார். மூணு மணிக்கு நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வருவேன் அவரோட.” குரலைத் தாழ்த்தினார். “நான் யார்கிட்டயும் மூச்சு விடல. எங்க பொண்ணு சனிக்கிழமை எனக்குச் சாப்பாடு கொண்டு வருவா, அவ கண்ணுல பட்டுடுச்சு. சொல்லாதேன்னேன். சொல்ல மாட்டா. அவ வாயில வார்த்தை வாங்கறதுக்கு நான் நாலு மாடி ஏறி இறங்கணும்.”

பிறகு ஞாபகம் வந்தவராக, “அவ பள்ளிக்கூடத்துல நல்லாத்தானே இருக்கா? ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல” என்றார்.

நான் படிக்கட்டு வழியாக இறங்கினேன். லிஃப்ட்டில் அவர் பக்கத்தில் நிற்க முடியவில்லை.

அளவெடுத்து, ஓரம் மடித்து வெட்டிய சீட்டு. வகுப்பில் அப்படி வெட்டுகிறவள் ஒருத்திதான். யாரிடமும் சொல்லக் கூடாது என்றதால், பெயரில்லாமல் டப்பாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். நான் அவள் அப்பா தலையில் அதைத் தூக்கி வைத்தபோதும், ‘உன் அப்பாதான்’ என்று இரண்டே வார்த்தையில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை.

சாயங்காலம் அப்பா வழக்கமான நேரத்துக்கு வந்தார். அம்மா கேட்டாள், “இன்னிக்குக் கடையில கூட்டமா?”

“ஆமா. நீலம்தான் நிறையப் போச்சு.”

அந்த நீலம் அவர் உடம்பில் எங்கேயும் இல்லை. காது, முழங்கை, புருவம் எல்லா இடத்திலும் தேடினேன். நகத்தில் மட்டும் பெஞ்சின் பழைய பச்சை கொஞ்சம்.

வெள்ளிக்கிழமை டீச்சர் வருவதற்குமுன்பே வகுப்பு என் பக்கம் திரும்பியிருந்தது. முதல் பெஞ்சில் ஊசியின் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நிமிர்ந்திருந்தது.

“எழுந்திரு ரேடியோ. செய்தி வாசி” என்றாள் பன்.

எழுந்தேன். கணக்கு சுலபமாகத்தான் இருந்தது. வாயைத் திறக்காவிட்டால் லிஃப்ட்காரர் பெயர் நிலைத்துவிடும். உண்மையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் அது எங்கள் சமையலறை ஜன்னலுக்கு வந்துசேரும், அம்மா அதைத் தெருவின் வாயிலிருந்து கேட்பாள்.

“அப்படி ஒரு ஆளே கிடையாது” என்றேன். “அந்தச் சீட்டை எழுதினதே நான்தான். சும்மா ஜோடிச்சேன்.”

“அப்போ லிஃப்ட்காரர்?”

“அவர் லிஃப்ட்டுலதான் இருக்கார். நேத்துகூட ஏறினேன். தங்கப் பொத்தானெல்லாம் போட்டுக்கிட்டு ஜம்முன்னு நிக்கறார். அதுவும் நான் கட்டிவிட்டதுதான்.”

“எதுக்குடி?”

“நீ என் பதவிக்கு வந்துடுவேன்னு பயம்” என்றேன். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்ததால் நம்பும்படியாக வந்தது.

ஊசி திரும்பிப் பார்த்தாள். வாசலில் கமா டீச்சர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

“அந்தச் சீட்டு நீ எழுதினதா,” என்றார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். முதல் பெஞ்சை ஒருமுறை பார்த்தார். திரும்ப மாட்டிக்கொண்டார். “அவ்வளவு நல்லா எழுத உனக்கு வராதேன்னு நினைச்சேன். சரி. கட்டுக்கதை சொன்னதுக்கு மூணு வாரம் உன் சீட்டு இந்த டப்பாவுல விழக் கூடாது.”

வகுப்பு ஒரே குரலில் கத்தியது. “ரேடியோ ரிப்பேர்!”

அந்தப் பெயர் பள்ளிப் படிப்பு முடியும்வரை ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு நிஜமாகவே தீப்பிடித்தது என்று நான் சொன்னால்கூட, பன் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்துதான் ஓடுவாள். கையில் கிடைத்ததிலேயே பெரிய செய்தி அது. அதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு, மூன்று வாரம் டப்பாவையும் தொடாமல், அப்பாவின் காதுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாய்க்குள் வெந்நீரை வைத்துக்கொண்டு நடப்பது மாதிரி இருந்தது. இது சிமிலி.

மூன்றாவது வாரம் புதன்கிழமை அப்பா கொஞ்சம் தாமதமாக வந்தார். செருப்பைக் கழற்றும்போது திரும்பினார். இடது காது மடலில் பச்சை. புதுப் பச்சை, இன்னும் சரியாகக் காயாதது.

அம்மாவும் பார்த்தாள். உள்ளே போய் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துவந்தாள். ஏழு வாரமாக யாரும் தொடாத துணி காய்ந்து விறைத்துப் போயிருக்க வேண்டும். அது ஈரமாக இருந்தது. அன்றைக்கா நனைத்தாள், தினமும் நனைத்து வைத்தாளா, அவளுக்கு எப்போது தெரியும்? ஊர் விஷயமெல்லாம் விசாரித்த நான், அதை மட்டும் இன்றுவரை விசாரிக்கவில்லை.

“சுவத்துக்கு அடிக்கச் சொன்னா...” என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, அவர் காதைத் தேய்க்கத் தொடங்கினாள்.

“இடம் மாறிட்டேன்” என்றார் அப்பா. “பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடை.”

“ம்” என்றாள் அம்மா.

அந்த வெள்ளிக்கிழமை என் தண்டனை முடிந்தது. நோட்டிலிருந்து கிழிக்காமல், அளவெடுத்து, ஓரம் மடித்து, கத்தரிக்கோலால் ஒரு சீட்டு வெட்டினேன். பெரிய எழுத்தில் எழுதி டப்பாவில் போட்டேன். டீச்சர் ஏழாவதாக அதை எடுத்தார்.

“‘ஒரு மனிதர் காதில் பச்சைப் பெயிண்ட்டோடு வீட்டுக்கு வந்தார்.’” மேலும் கீழும் பார்த்தார். “அவ்வளவுதான் இருக்கு. இது என்ன, சொல்லுங்க.”

“மெட்டஃபர்” என்றாள் ஒருத்தி. “ஹைப்பர்போலி” என்றாள் பன். “பச்சைன்னா பொறாமை, டீச்சர்” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு ஞானம் வந்தது. டீச்சர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்துக்கொண்டே இருந்தார்.

வருஷம் முழுக்கக் கையே தூக்காத ஊசி கை தூக்கினாள்.

“ஒண்ணுமே இல்ல, டீச்சர்” என்றாள். “நடந்தது.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பி, தன் காது மடலை ஒருமுறை தொட்டுக் காட்டினாள்.